விற்காத தட்டுக்கு எது மூலம்?

பழைய இசைத்தட்டுகளைச் சேர்ப்பவர்களிடம் எழுதப்படாத ஒரு சாதி அடுக்கு உண்டு. முதல் அச்சு உச்சியில் இருக்கும். அதே ஆண்டில் வேறு நாட்டில் வந்தது அதற்குக் கீழே. பத்தாண்டு கழித்து வந்த மலிவுப் பதிப்பு இன்னும் கீழே. இப்போது கனமான வினைலில், பளபளக்கும் உறையில் வரும் மறுபதிப்பு, ஒலி எவ்வளவு நன்றாக இருந்தாலும், 'மறு' என்ற முன்னொட்டோடுதான் பேசப்படும். இந்த அடுக்குக்குப் பின்னால் நியாயம் இல்லாமல் இல்லை. கலைஞர்கள் உயிரோடு, பக்கத்திலேயே இருந்து ஒப்புக்கொண்ட வடிவம் முதல் அச்சுதான். ஒலிநாடா அப்போது புதிது. கேட்ட தலைமுறை கேட்டதும் அதைத்தான். ஆனால் மூன்றாவது காரணம் நிற்க வேண்டுமானால் ஒரு நிபந்தனை நிறைவேற வேண்டும்: அந்தத் தட்டை யாராவது கேட்டிருக்க வேண்டும். மெம்ஃபிஸ் நகரத்து பிக் ஸ்டார் குழு 1972-இல் வெளியிட்ட 'நம்பர் ஒன் ரெக்கார்ட்', 1974-இல் வெளியிட்ட 'ரேடியோ சிட்டி' ஆகிய இரண்டும் பவர் பாப் என்ற இசைவகையின் அடிப்படை நூல்கள் என்று இன்று மதிக்கப்படுகின்றன. அந்த மதிப்பு முழுவதும் மறுபதிப்புகள் ஈட்டித் தந்தது. ஆகவே இவற்றின் மறுபதிப்புகளை முதல் அச்சோடு தராசில் வைத்து 'எவ்வளவு குறைகிறது' என்று பார்ப்பது தவறான கணக்கு. ஒவ்வொன்றையும் ஒரு தனி வெளியீடாக, அது யாரிடம் போய்ச் சேர்ந்தது, எதைச் சேர்த்தது, எதைப் பிரித்தது என்று கேட்டே ஒப்பிட வேண்டும்.

குழுவின் பெயரே நகைமுரண். ஆர்டென்ட் ஒலிப்பதிவுக்கூடம் இருந்த மேடிசன் அவென்யூவில் பக்கத்திலேயே இருந்த ஒரு மளிகைக் கடைத் தொடரின் பெயர்தான் பிக் ஸ்டார். முதல் தட்டுக்கு 'நம்பர் ஒன்' என்று பெயர் வைத்ததும் அதே குறும்பு. குழுவில் நால்வர்: அலெக்ஸ் சில்டன், கிறிஸ் பெல், ஆண்டி ஹம்மல், ஜோடி ஸ்டீஃபன்ஸ். இவர்களில் வெற்றியின் ருசி தெரிந்தவர் சில்டன் ஒருவரே. 1967-இல், பதினாறு வயதில், பாக்ஸ் டாப்ஸ் குழுவுக்காக அவர் பாடிய 'தி லெட்டர்' அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஐந்தே ஆண்டுகளில் அவர் கைக்கு வந்தது விற்காத ஒரு தட்டு. அந்தத் தட்டின் ஒலியை உருவாக்கியவர் ஆர்டென்ட் கூடத்தின் நிறுவனர் ஜான் ஃப்ரை. கிதாரின் உச்ச ஒலிகள் கண்ணாடிபோல் தெளிந்து நிற்க, முரசின் அடி ஒவ்வொன்றும் தனியே விழ, குரல்கள் அடுக்கடுக்காக எழும் அந்தப் பதிவு, அன்றைய மெம்ஃபிஸ் எதற்குப் பெயர் பெற்றிருந்ததோ அதற்கு நேர் எதிர்த்திசை. ஊர் முழுக்க சோல் இசை. இந்த நால்வரோ பீட்டில்ஸையும் பர்ட்ஸையும் ஹூ குழுவையும் மனதில் வைத்துக்கொண்டு பாட்டெழுதினார்கள். பவர் பாப் என்ற சொல்லை 1967-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட். அந்தச் சொல்லுக்கு இலக்கணம் எழுதியவர்கள் என்று பிற்காலம் சுட்டியது அவருக்குக் கடல் தாண்டி இருந்த இந்த இளைஞர்களை.

தட்டு ஏன் விற்கவில்லை என்பதற்கு இசை காரணம் அல்ல. விமர்சகர்கள் அப்போதே பாராட்டினார்கள். 1973 மே மாதம் ராக் இசை எழுத்தாளர்களை மெம்ஃபிஸுக்கு வரவழைத்து ஆர்டென்ட் நடத்திய மாநாட்டில் குழு மேடையேறியபோது, பாராட்டி எழுதுவதில் தேர்ந்த ஒரு கூட்டமே எதிரில் இருந்தது. குறை விநியோகத்தில். ஆர்டென்டின் தட்டுகளைக் கடைகளுக்கு அனுப்பும் பொறுப்பு ஸ்டாக்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. ஸ்டாக்ஸுக்குச் சோல் இசையை விற்கத் தெரியும், வெள்ளை இளைஞர்களின் கிதார் பாட்டை எந்தக் கடைக்கு அனுப்புவது என்பதில் அனுபவம் குறைவு. 1972 இலையுதிர்காலத்தில் ஸ்டாக்ஸ் தன் விநியோகத்தைக் கொலம்பியாவிடம் ஒப்படைத்தது. ஏற்பாட்டை முன்னின்று முடித்த கொலம்பியா தலைவர் கிளைவ் டேவிஸ் அடுத்த மே மாதமே வேலையிழந்தார். இரண்டு பெரிய நிறுவனங்களும் ஒன்றையொன்று சந்தேகித்துக்கொண்டிருந்த இடைவெளியில் தட்டு கடைக்குப் போகாமல் நின்றது. முதல் தட்டு பத்தாயிரத்துக்கும் குறைவாக, இரண்டாவது இருபதாயிரம் அளவில் விற்றதாகச் சொல்வது வழக்கம். 1975 டிசம்பரில் ஸ்டாக்ஸே திவாலானது. ஆக, 'முதல் அச்சு' என்று இன்று பெரும் விலைக்குக் கைமாறும் பொருள், அதன் காலத்தில் பெரும்பாலான கேட்பவர்களின் வீட்டுக்குள் நுழையவே இல்லை. அபூர்வம் என்பதால் அதற்கு விலை உண்டு. அபூர்வத்தை அதிகாரமாக மாற்றிக்கொள்வதுதான் பிழை.

அதிகாரம் எங்கே இருக்கிறது என்று பார்க்க, தட்டு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பாட்டு முதலில் பல தடங்கள் கொண்ட நாடாவில் பதிவாகி, பிறகு இரண்டு தட நாடாவாகக் கலக்கப்படுகிறது. அதுதான் மாஸ்டர் டேப். வெட்டுபவர் அந்த நாடாவை ஓட்டி, லேக்கர் பூசிய அலுமினியத் தட்டில் சூடான ஊசியால் பள்ளம் இழைக்கிறார். அந்த லேக்கருக்கு உலோக முலாம் பூசி, அதிலிருந்து அச்சுகள் எடுத்து, கடைசியாக ஸ்டாம்பர் என்ற உலோகத் தகட்டால் வினைலை அழுத்துகிறார்கள். வெட்டுதல் ஒரு நகலெடுப்பு என்று நினைத்துவிடக் கூடாது. அது தீர்ப்பு சொல்லும் வேலை. ஒலியை உரக்க வைத்தால் பள்ளம் அகலும், நேரம் குறையும். தாழ்ந்த ஒலிகளை நடுவில் குவிக்காவிட்டால் ஊசி துள்ளும். தட்டின் வெளி விளிம்பில் பள்ளம் ஊசியின் கீழே நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உள் விளிம்பில் அதில் பாதிகூட இல்லை. அதனால் பக்கத்தின் கடைசிப் பாட்டில் உச்ச ஒலிகள் மங்கவும் கரகரக்கவும் செய்கின்றன. ஃப்ரை பதிந்த கிதார்களோ உச்ச ஒலிகளிலேயே வாழ்பவை. ஆகவே அவற்றை எவ்வளவு கூர்மையாக விடுவது, எந்த இடத்தில் கொஞ்சம் மழுக்குவது என்று முடிவெடுப்பது வெட்டுபவரின் காதும் கையும். முதல் அச்சும் இப்படி ஒரு தீர்ப்பின் விளைவுதான். மேலும் 'ரேடியோ சிட்டி' வெளியான 1974 பிப்ரவரி எப்படிப்பட்ட காலம் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். முந்தைய அக்டோபரில் தொடங்கிய எண்ணெய்த் தடையால் வினைலின் மூலப்பொருளே தட்டுப்பாடாகி, அமெரிக்கத் தட்டுத் தொழிற்சாலைகள் மெலிந்த தட்டுகளையும் மறுசுழற்சி வினைலையும் நாடிய மாதங்கள் அவை. அந்த நாளின் அச்சு என்பதாலேயே ஒரு தட்டு தூயது என்று சொல்ல முடியாது.

பாடல்வரிசையிலும் தட்டின் உடலமைப்பு தெரிகிறது. இரண்டு ஆல்பங்களிலும் பன்னிரண்டு பன்னிரண்டு பாடல்கள், ஏறத்தாழ முப்பத்தாறு முப்பத்தேழு நிமிடங்கள். பக்கத்துக்குச் சுமார் பதினெட்டு நிமிடம் என்பது வெட்டுபவருக்கு வசதியான அளவு. முதல் ஆல்பத்தின் முதல் பக்கம் இரைச்சலான 'ஃபீல்' பாட்டில் தொடங்கி, ஹம்மல் எழுதிய மென்மையான 'தி இந்தியா சாங்' பாட்டில் முடிகிறது. (பெயரில்தான் இந்தியா, சிதாரைத் தேட வேண்டாம்.) இரண்டாம் பக்கம் ஒரு நிமிடமே ஓடும் ஓர் அடங்கிய பாட்டோடு முடிகிறது. 'ரேடியோ சிட்டி'யின் கடைசி இரண்டும் அப்படித்தான்: பியானோவோடு ஒன்று, கிதாரோடு மட்டும் ஒன்று. உள்விளிம்பில் தட்டு எதைத் தாங்குமோ அது அங்கே இருக்கிறது. யாரும் கணக்குப் போட்டுத்தான் இப்படி வைத்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, இந்த வரிசை வினைலில்தான் பொருந்துகிறது என்பது போதும். மறுபதிப்புகளை ஒப்பிடும்போது இதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

முதல் பெரிய மறுபதிப்பு பிரிட்டனில், 1978-இல், ஸ்டாக்ஸ் பெயரோடு ஈஎம்ஐ வெளியிட்ட இரட்டைத் தட்டு. இரண்டு ஆல்பங்களும் ஒரே உறைக்குள், ஆல்பத்துக்கொரு தட்டாக. ஸ்டாக்ஸின் சொத்தை முந்தைய ஆண்டுதான் கலிஃபோர்னியாவின் ஃபேண்டஸி நிறுவனம் வாங்கியிருந்தது. பங்க் இசை ஓய்ந்து, பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகள் பவர் பாப் என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்த நேரம். ஒலியளவில் இந்தப் பதிப்பு எந்த மகுடமும் சூடவில்லை; சேகரிப்பாளர் அடுக்கில் நடுவில் எங்கோ கிடக்கிறது. ஆனால் வெளியீடு என்ற அளவில் 1972-ஐ விட இதுவே மேல் என்பேன். விநியோகம் என்ற ஒரு வேலை இந்த முறைதான் ஒழுங்காக நடந்தது. இதற்கு ஒரு விலையும் இருந்தது. இரண்டு ஆல்பங்களும் ஒரே நூலின் இரு பாகங்கள்போல ஆகிவிட்டன. உண்மையில் அவை இரண்டு வேறு குழுக்களின் வேலை. முதலாவதில் கிறிஸ் பெல்லின் கை ஓங்கியிருக்கிறது: அடுக்கிய குரல்கள், இழைத்து இழைத்துச் செய்த ஒலி. 1972 இறுதியில் அவர் விலகினார். இரண்டாவதில் சில்டனின் கரடுமுரடான கிதார், திடீர் நிறுத்தங்கள், வேண்டுமென்றே விட்ட ஓட்டைகள். பெல் 1978-இல் தன் ஒரே தனிப்பாட்டுத் தட்டை வெளியிட்டு, அந்த டிசம்பரிலேயே கார் விபத்தில் இறந்தார். குழுவின் இரு பாதிகளும் ஒரே உறைக்குள் சேர்ந்த ஆண்டும் அதுதான்.

1992-இல் ஃபேண்டஸி வெளியிட்ட குறுந்தட்டு அந்த இணைப்பை இன்னும் இறுக்கியது. இரண்டு ஆல்பங்களும் ஒரே வட்டில், எழுபது நிமிடத்துக்கும் மேல், நடுவில் எழுந்து தட்டைத் திருப்பும் அவசியம்கூட இல்லாமல். ஓர் ஆல்பத்தின் மெல்லிய கடைசி மூச்சு அடங்கியதுமே மற்றதன் முதல் பாட்டு உறுமிக்கொண்டு வருகிறது. நான்கு பக்கங்களின் நான்கு முடிவுகளில் மூன்று காணாமல் போயின. உறைக்கும் இதே கதி. 'ரேடியோ சிட்டி'யின் உறைப்படம் வில்லியம் எகிள்ஸ்டன் 1973-இல் மிசிசிப்பியின் கிரீன்வுட்டில் எடுத்த செங்கூரைப் படம். சிவப்பு அறை, கூரையில் ஒரு மின்விளக்கு, அதிலிருந்து பிரியும் வெள்ளைக் கம்பிகள். பன்னிரண்டு அங்குல உறையில் அந்தச் சிவப்பு பார்ப்பவரை அச்சுறுத்தும். பன்னிரண்டு சென்டிமீட்டர் சதுரத்தில் அது வெறும் வண்ணம். இத்தனை குறைகளையும் அடுக்கிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அமெரிக்காவில் இந்தக் குழுவைத் தற்செயலாகக் கடையில் எடுத்துக் கேட்கக்கூடிய ஒன்றாக மாற்றியது இந்தக் குறுந்தட்டுதான். 1986-இல் பேங்கிள்ஸ் குழு 'ரேடியோ சிட்டி'யின் 'செப்டம்பர் கேர்ல்ஸ்' பாட்டைப் பாடியதும், 1987-இல் ரீப்ளேஸ்மென்ட்ஸ் குழு சில்டன் பெயரிலேயே ஒரு பாட்டு எழுதியதும் ஆவலைத் தூண்டியிருந்தன. அந்த ஆவலோடு கடைக்குப் போனவர் கையில் எளிதாகக் கிடைக்கும் பொருள் அதுவரை இல்லை. வரிசை கெட்டது, ஆனால் வாசகர் கூடினார். பதிப்பாசிரியர்கள் காலங்காலமாகச் செய்துவந்த பேரம் இது.

2020 ஜனவரியில் கிராஃப்ட் ரெக்கார்டிங்ஸ் இரண்டு ஆல்பங்களையும் மறுபடி தனித்தனியாக்கி, வினைலில் கொண்டுவந்தது. வெட்டியவர் ஜெஃப் பவல், இடம் மெம்ஃபிஸ். ஆர்டென்ட் கூடத்தில் பல ஆண்டுகள் பொறியாளராக இருந்தவர். அழுத்தியதும் மெம்ஃபிஸ் வட்டாரத் தொழிற்சாலையே. முழுவதும் அனலாக் வழியில், அதாவது நாடாவிலிருந்து நேராக லேக்கருக்கு, எண்மயமாக்கம் இன்றி என்பது அறிவிப்பு. இது சொல்லும் அளவுக்கு எளிதான வேலை அல்ல. பள்ளங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று வெட்டும் இயந்திரம் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். தட்டு ஒரு சுற்றுச் சுற்ற ஆகும் 1.8 நொடி அளவுக்கு ஒலி முன்னதாகவே அதன் காதில் விழ வேண்டும். அதற்கென்று முன்கேட்கும் தலை ஒன்று கூடுதலாகப் பொருத்திய நாடா இயந்திரம் தேவை. 1970-களின் இறுதியிலிருந்து பல கூடங்கள் இந்தச் சிரமத்துக்குப் பதில் ஒலியை எண்முறையில் தாமதப்படுத்தும் பெட்டியைப் பயன்படுத்தத் தொடங்கின. ஆகவே 1980-களின் வினைல் என்பதாலேயே ஒரு தட்டு எண்மயம் தொடாதது என்று நம்புவதற்கில்லை; 2020-இன் தட்டு சில வகையில் அதைவிடப் பழமையானது. அந்தப் பதிப்பு வெளியான இரண்டே வாரத்தில், பிப்ரவரி 6 அன்று, லேக்கர் தட்டு செய்யும் அப்போலோ தொழிற்சாலை கலிஃபோர்னியாவில் எரிந்துபோனது. உலகில் அத்தகைய தொழிற்சாலை அதற்குப் பிறகு ஜப்பானில் ஒன்றே மிஞ்சியது.

இங்கே முதல் மறுப்பு வரும். நாடாவுக்கு வயதாகிறது, ஐம்பது ஆண்டு கழித்து ஓட்டும் நாடா 1972-இல் ஓடிய நாடா அல்ல, உச்ச ஒலிகள் தேய்ந்திருக்கும், ஒட்டுகள் காய்ந்திருக்கும், புது நாடாவிலிருந்து வெட்டிய முதல் அச்சே உண்மைக்கு அருகில் என்பார்கள். நாடா தேய்வது உண்மை. ஆனால் அன்றைய தட்டு அந்தப் புது நாடாவின் முழுச் செல்வத்தையும் வாங்கிக்கொண்டது என்று வைத்துக்கொண்டால்தான் இந்த வாதம் வெல்லும். அன்றைய மலிவு ஊசிகள் துள்ளாமல் இருக்க அன்றைய வெட்டுபவர்கள் கை அடக்கியே வெட்டினார்கள். வினைலோ கிடைத்த வினைல். மேலும் ஐம்பது ஆண்டு வயது நாடாவுக்கு மட்டும் ஆவதில்லை. நூறு முறை ஊசி ஓடிய பள்ளமும் தேய்ந்த மூலமே. யாரும் கேட்காத முதல் அச்சு ஒன்று கிடைத்தால் அது அருமையான சான்று, மறுப்பதற்கில்லை. அப்போதும் அது ஒரு பாடபேதம். மற்றவற்றைத் தள்ளுபடி செய்யும் நீதிமன்றம் ஆகாது.

இரண்டாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது, இன்னும் கடுமையானது. அனலாக், நாடா, முன்கேட்கும் தலை எல்லாம் விளம்பரம்; காதுக்கு எதுவும் தெரியாது. இதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2022-இல் மொபைல் ஃபிடெலிட்டி என்ற புகழ்பெற்ற மறுபதிப்பு நிறுவனம், பல ஆண்டுகளாகத் தன் தட்டுகளில் பலவற்றை நாடாவிலிருந்து நேராக வெட்டாமல், இடையில் எண்முறைக் கோப்பாக மாற்றியே வெட்டிவந்தது என்பது வெளியானது. அனலாகின் தூய்மையைக் காதாலேயே உணர்ந்ததாக அவற்றைப் புகழ்ந்திருந்தவர்கள் ஏராளம். நிறுவனம் வழக்கைச் சந்தித்து, இழப்பீட்டுக்கும் உடன்பட்டது. இந்தச் சம்பவத்தால் காது தோற்றது என்பதை ஏற்கிறேன். ஆனால் மறுபதிப்புகளுக்குள் வித்தியாசமே இல்லை என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது. நல்ல வெட்டுபவர் நல்ல நாடாவிலிருந்து செய்த வேலை, நடுவில் எண் வந்தாலும் நன்றாக இருக்கிறது. மோசமான நகல் நாடாவிலிருந்து வந்தது, எண் தொடாவிட்டாலும் மோசமாகவே இருக்கிறது. அதாவது தூய்மையின் பெயர்ப்பலகையை விட்டுவிட்டு, எந்த நாடா, எந்தக் கை, எந்த ஊசி என்று விசாரிக்க வேண்டும். 180 கிராம் என்ற முத்திரையும் இப்படித்தான். வழக்கமான தட்டு 120 முதல் 140 கிராம் இருக்கும். கூடுதல் கனம் தட்டை வளையாமல் வைக்க உதவலாம், பள்ளத்தின் வடிவத்தை அது மாற்றாது. விலையை மட்டும் நிச்சயமாக மாற்றுகிறது. அமெரிக்காவில் 2020-இல் வினைலின் வருமானம் 1980-களுக்குப் பிறகு முதன்முறையாகக் குறுந்தட்டை முந்தியது. அந்தச் சந்தை இல்லாமல் பவலின் வெட்டும் இல்லை. காசுக்காகச் செய்தது என்பதால் ஒரு பதிப்பு கெட்டுவிடாது. 1972-இன் பதிப்பும் காசுக்காகத்தான் செய்யப்பட்டது, வரவில்லை, அவ்வளவுதான்.

முதல் அச்சே மூலம் என்ற கொள்கை முற்றாக உடைவது குழுவின் மூன்றாவது ஆல்பத்தில். 1974-இல் ஜிம் டிக்கின்சன் தயாரிப்பில் ஆர்டென்ட் கூடத்தில் பதிவானது. குழு என்று சொல்ல அப்போது சில்டனும் ஸ்டீஃபன்ஸும் மட்டுமே மிஞ்சியிருந்தார்கள். சோதனை அச்சாகச் சில பிரதிகள் எடுத்து நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள்; யாரும் எடுக்கவில்லை; ஸ்டாக்ஸும் மூழ்கியது. 1978-இல் அமெரிக்காவில் பிவிசி என்ற நிறுவனம் ஒரு வரிசையில் வெளியிட்டது, பிரிட்டனில் ஆரா நிறுவனம் வேறொரு வரிசையில் வெளியிட்டது. பாடல்களின் எண்ணிக்கையே ஒன்றாக இல்லை. 1992-இல் ரைகோடிஸ்க் இன்னொரு வரிசை தந்தது. பெயரிலும் ஒற்றுமை இல்லை: சிலருக்கு 'தேர்ட்', சிலருக்கு 'சிஸ்டர் லவர்ஸ்'. சில்டன் எந்த வரிசையையும் இறுதியானது என்று முத்திரையிடாமலே 2010 மார்ச்சில் இறந்தார். அடுத்த ஆண்டு ஆம்னிவோர் நிறுவனம் 1975-இன் சோதனை அச்சை அப்படியே திரும்பச் செய்து விற்பனைக்கு வைத்தது. முதல் அச்சைத் தேடியவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். அந்த மூலம் அதற்கு முன் எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைத்ததில்லை.